ஒரு கத்தியின் அலகு, இன்னொரு கத்தியின் பிடி

மடக்குக் கத்தி ஒன்றைக் கையில் தந்தால் நான் முதலில் பார்ப்பது அலகை அல்ல, முதுகை. எல்லாவற்றையும் மடித்து மூடிக் கத்தியைக் கவிழ்த்துப் பிடித்தால், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உருக்கு விற்கள் வரிசையாகத் தெரியும். அவை ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, ஏதாவது ஒன்று மயிரிழை உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறதா என்று நகத்தால் குறுக்கே தடவிப் பார்ப்பேன். அந்தக் கத்தி எவ்வளவு உழைத்தது, எங்காவது விழுந்து அடிபட்டதா, எனக்கு முன்னால் யாராவது அதைப் பிரித்துக் கோத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அலகைப் பார்த்தால் அதை எப்படித் தீட்டினார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

சுவிற்சர்லாந்தின் சிறு நகரம் ஒன்றில், கத்தி தீட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், இங்கு வந்த நம்மவர் பலரையும் போல, உணவகச் சமையலறையில்தான் தொடங்கினேன். கோப்பை கழுவினேன், வெங்காயம் உரித்தேன், பிறகு வெட்டுப்பலகைக்கு வந்தேன். அந்தச் சமையலறைக் கத்திகளைத் தீட்டிக் கொடுக்க ஒரு முதியவர் வருவார். கத்தியை வாங்கியதும் அவர் அதைப் பார்க்கும் விதமே எனக்குப் பிடித்துப்போனது. அவருடைய பட்டறையில் மாலை வேளைகளில் நின்று பழகி, பின்னர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். சோறு போடுவது சமையல் கத்திகளும் கத்தரிக்கோல்களும்தான். ஆனால் சட்டைப்பைக்குள் அடங்கும் மடக்குக் கத்திகளைப் பிரித்து, ஒன்றின் அலகை இன்னொன்றின் பிடிக்குள் உட்கார வைக்கிற வேலை வரும் நாளில் எனக்குப் பசி தெரியாது.

இந்த வேலை இந்த நாட்டில் சாத்தியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884 இல் ஷ்வீஸ் மாநிலத்து ஈபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். சுவிஸ் இராணுவம் தன் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி வேண்டும் என்று கேட்டபோது, அவ்வளவு தொகையை உடனே செய்து கொடுக்க உள்ளூரில் ஆள் இல்லை. முதல் கத்திகள் ஜேர்மனியின் ஸோலிங்கனிலிருந்துதான் வந்தன. எல்ஸனர் 1891 இல் தன் முதல் தொகுதியைக் கொடுத்தார். 1897 இல் அவர் பதிவு செய்த ‘அதிகாரிகள் கத்தி’தான் இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை. ஒரே வில்லைக் கொண்டு பிடியின் இரு பக்கமும் கருவிகளைத் தாங்க வைக்கலாம் என்பதே அதில் அவர் கண்ட நுட்பம். தாய் விக்டோரியா 1909 இல் இறந்தபோது அவர் பெயரைக் கத்திக்கு இட்டார். 1921 இல் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ அதனோடு சேர்ந்து ‘விக்டோரினொக்ஸ்’ ஆனது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமானது, பட்டறை தொழிற்சாலையானபோது அவர்கள் அளவுகளைக் குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டதுதான். 58 மில்லிமீற்றர், 84, 91, அலுமினியப் பிடி போட்ட 93, பெரிய 111. மூடிய கத்தியின் நீளம் இது. ஒரு குடும்பத்துக்குள் ஆணித் துளைகளின் இடைவெளி ஒன்றுதான். அதனால் இரண்டு அடுக்குள்ள 91 கத்திக்குள், இன்னொரு 91 கத்தியிலிருந்து வாளையோ கத்தரியையோ எடுத்து மூன்றாவது அடுக்காகச் சேர்க்கலாம். குடும்பம் மாறினால் எதுவும் பொருந்தாது. நாட்டின் மற்றப் பக்கத்தில், டெலமொன் நகரில் செய்யப்பட்ட வெங்கர் கத்திகளும் இராணுவத்துக்குப் போனவைதான். அவற்றின் அளவு 85 மில்லிமீற்றர். விக்டோரினொக்ஸின் 84 உடன் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர். ஆனாலும் ஒன்றின் அலகு மற்றதில் ஏறாது. 2005 இல் வெங்கரை விக்டோரினொக்ஸ் வாங்கிக்கொண்டது. இப்போது அந்தப் பழைய வெங்கர் கத்திகளுக்கு உதிரி வேண்டுமென்றால் இன்னொரு பழைய வெங்கரைத்தான் தேட வேண்டும்.

இனிப் பிடிக்கு உள்ளே போவோம்.

அலகின் அடியில், ஆணி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கட்டை இருக்கிறது. அடிக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழு வட்டமும் அல்ல, முழுச் சதுரமும் அல்ல. தட்டையான முகங்களும் அவற்றுக்கு நடுவே மழுங்கிய மூலைகளும் உள்ள ஓர் உருவம். முதுகில் இருக்கும் வில் இந்தக் கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அலகைத் திறக்கத் தொடங்கும்போது ஒரு மூலை வில்லை மேலே தள்ளும். மூலை கடந்ததும் வில் அடுத்த தட்டை முகத்தில் விழும். நாம் கேட்கும் அந்த ‘டக்’ என்ற சத்தம் அதுதான். முழுக்கத் திறந்த நிலையில் அலகு நம் விரலை நோக்கி மடங்காமல் நிற்பதும் இந்த அழுத்தத்தால்தான். 91 கத்தியில் வேறு பூட்டு எதுவும் இல்லை.

விக்டோரினொக்ஸ் தன் அலகுகளை 56 ரொக்வெல் கடினத்துக்குப் பதப்படுத்துகிறது. வாளும் கத்தரியும் அரமும் 53. திருகுளியும் தகரத்திறப்பானும் 52. வில்லும் தக்கை திருகியும் 49. இந்த எண்கள் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் என் வேலை முழுவதும் இவற்றுக்குள் இருக்கிறது. கடினமான அலகும் அதைவிட மென்மையான வில்லும் வருடக்கணக்காக ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. மென்மையானது மற்றதன் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்து கொடுக்கிறது. இருபது வருடம் ஒருவர் பாவித்த கத்தியில், அந்த வில்லின் நுனி அந்த ஒரு அடிக்கட்டைக்கு மட்டுமே உரிய பள்ளத்தை எடுத்திருக்கும்.

ஆகவே அலகை மட்டும் தனியே எடுத்து வேறு கத்தியின் வில்லின் கீழ் போடுவதை நான் விரும்புவதில்லை. போடலாம், உட்காரும், வெட்டவும் செய்யும். ஆனால் திறக்கும்போது நடுவில் ஒரு கரகரப்பு வரும், அல்லது திறந்து முடிந்தபின் வில் மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும், அல்லது மூடிய அலகின் முதுகு பிடிக்கு வெளியே தலைநீட்டும். அலகை மாற்ற வேண்டுமென்றால் அதன் வில்லோடு சேர்த்து, முழு அடுக்காக மாற்ற வேண்டும். என்னிடம் கேட்டு வருகிற இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு வில்லின் இரு முனையிலும் இரண்டு கருவிகள் இருப்பதும் உண்டு. 91 இல் தகரத்திறப்பானும் போத்தல் திறப்பானும் ஒரே வில்லைப் பங்குபோடுகின்றன. ஒன்றை மாற்றினால் மற்றதையும் யோசிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இன்னொன்று அடிக்கட்டையின் கீழே, கூர் தொடங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள சிறு மேடு. அலகை மடித்தால் அந்த மேடுதான் வில்லில் போய் முட்டி நிற்க வேண்டும், கூர் முட்டக் கூடாது. சாணைக்கல்லில் கண்மூடித்தனமாகத் தீட்டுபவர்கள் இந்த மேட்டையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் வில்லில் விழுந்து மழுங்கும். தீட்டியும் வெட்டவில்லை என்று கத்தியைக் குறை சொல்வார்கள். பழைய அலகை வேறு பிடிக்கு மாற்றும் முன் வில்லின் உட்பக்கத்தில் மை பூசி, அலகை மடித்து அழுத்திப் பார்ப்பேன். கூரில் மை ஒட்டினால் அந்த அலகு எனக்கு வேண்டாம்.

நுனி முறிந்த அலகு வந்தால் பலர் மாற்றித் தரச் சொல்வார்கள். பெரும்பாலும் மாற்றத் தேவையில்லை. முறிந்த இடத்தைப் புது நுனியாக்கலாம், ஆனால் முதுகுப் பக்கத்திலிருந்து அராவ வேண்டும். கூர்ப் பக்கத்திலிருந்து அராவினால் புது நுனி முதுகை ஒட்டி உயர்ந்து நிற்கும். மடித்த பிறகு பிடிக்கு வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு சட்டைப்பையையும் விரலையும் கிழிக்கும். முதுகைத் தாழ்த்தினால் நுனி பிடிக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

பிரிக்கிற வேலைக்கு வருகிறேன். பிடியின் வெளிப்பக்கத்தை மூடியிருக்கும் சிவப்பு ஓடு ஆணியால் அறையப்பட்டது அல்ல. உள்ளே பித்தளை ஆணிகளின் முனையில் சிறு வளையம் கோத்துத் தட்டியிருப்பார்கள். ஓட்டின் உட்பக்கக் குழிகள் அந்தத் தலைகள்மீது அழுந்திப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓட்டை மட்டும் மாற்றுவது சுலபம். மெல்லிய தகட்டை இடையில் நுழைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிச் சுற்றித் தூக்கினால் ‘பட்’டென்று கழன்றுவிடும். புது ஓட்டை வைத்து, துணி சுற்றிய வைஸில் மெதுவாக அழுத்தினால் ஏறிவிடும். திறப்புக் கோவையில் தொங்கும் 58 கத்திக்குப் பல நிறங்களில் ஓடுகள் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் காட்ட விரும்புகிறவர்கள் அதில் தொடங்கலாம். ஆணி எதையும் தொடத் தேவையில்லை. ஒன்று கவனம். 91 இன் சிவப்பு ஓடு செல்லுலோஸிலிருந்து செய்த பிளாஸ்டிக். நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோன் பட்டால் கரையும். பழைய பசையைச் சுரண்ட அதை எடுக்காதீர்கள்.

அலகு அடுக்கை மாற்ற வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றிய பின் ஆணிகளை எடுக்க வேண்டும். ஆணித்தலையைத் தகட்டு மட்டம் வரை அராவி, ஆணியைவிட மெல்லிய உருக்குக் கம்பியை வைத்துத் தட்டினால் அது மறுபக்கம் வரும். சுழல் இயந்திரத்தால் அரைத்தால் நிமிடத்தில் முடியும் என்பார்கள். நான் கை அரம்தான் பிடிப்பேன். அரைக்கும் சூடு ஆணி வழியாக அலகின் அடிக்கட்டைக்குப் போகும். உருக்கு நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் பதம் போய்விடும், பிறகு அது திரும்பாது. கூருக்கு ஒட்டுநாடா சுற்றுவதும் கண்ணுக்குக் கண்ணாடி போடுவதும் கட்டாயம். கடைசி ஆணி வெளியே வரும் கணத்தில் வில் துள்ளும். துணியால் பொத்திக்கொண்டே எடுப்பேன். எடுத்த அடுக்குகளை எடுத்த வரிசையிலேயே பலகையில் பரப்பி, பக்கத்தில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

கோப்பது பிரிப்பதைவிடக் கடினம். நடு ஆணியை எல்லா விற்களுக்கும் தகடுகளுக்கும் ஊடாக முதலில் போட வேண்டும். பிறகு ஒரு முனை ஆணி. மற்ற முனைக்கு வந்தால் துளைகள் ஒன்றோடொன்று நேர்கொள்ளா, ஏனென்றால் வில் அடிக்கட்டையை அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்கும். அலகை மடித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, மரத்துண்டு வைத்த வைஸில் முதுகை இறுக்கி, நுனி சிறுத்த கம்பியை நுழைத்துத் துளைகளை வழிக்குக் கொண்டுவர வேண்டும். கம்பியை முன்னால் தள்ளிக்கொண்டே பித்தளை ஆணி உள்ளே வரும். அலகு பாதி திறந்திருந்தால் மூலை வில்லை இன்னும் உயர்த்தும். எவ்வளவு பலம் கொடுத்தாலும் துளை நேர்படாது.

தறைவதில்தான் கை தெரியும். ஆணி இரு பக்கமும் அதன் விட்டத்தில் ஏறக்குறையப் பாதி அளவு வெளியே நிற்க வேண்டும். கூடினால் வளையும், குறைந்தால் தலை பிடிக்காது. சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால், மழைத்துளி விழுவது போல மெல்லிய அடிகளாக, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஓங்கி ஒரு அடி போட்டால் ஆணி நடுவில் வளைந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும். தட்டத் தட்டப் பித்தளை இறுகிக்கொண்டு போகும். அளவு மீறினால் தலையின் விளிம்பு வெடிக்கும். இடையிடையே அலகைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். முடித்தவுடன் அது கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. எண்ணெய் விட்டுத் திறந்து மூட இளகும். முதல் நாளே இளகி நிற்கும் கத்தி சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

நம்மவர் ஒருவர் ஒரு கத்தியோடு வந்தார். வயதில் என்னைவிட மூத்தவர். எண்பதுகளின் கடைசியில் வந்து, ஒரே விடுதிச் சமையலறையில் ஓய்வு பெறும்வரை நின்றவர். விடுதி கொடுத்த 91 கத்தி அது. சிவப்பு ஓட்டில் விடுதியின் பெயர் பொன்னிற எழுத்தில் இருந்தது. அலகு உருக்குத் தண்டில் உரசி உரசி, மீன்முள் போல் மெலிந்திருந்தது.

“தம்பி, இதிலை எழுதியிருக்கிற பேர் மட்டும் அழியக் கூடாது. மற்றதெல்லாம் நீர் பாத்துச் செய்யும்.”

“அலகை மாத்தினால் பரவாயில்லையோ அண்ணை? உங்கடை கையாலை தேஞ்ச அலகு.”

“வெட்டாத கத்தியைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சு என்ன செய்யிறது?”

எத்தனையோ சேகரிப்பாளர்களோடு பேசியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அவருக்குப் பிடி ஓர் ஆயுட்காலச் சான்றிதழ். அலகு அன்றாடம் வேலை செய்ய வேண்டிய ஆள். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

அதற்கு ஏற்ற கத்தியை நான் பழைய பொருள் கடைகளில்தான் தேடினேன். இங்கே ஊருக்கு ஊர் ‘ப்ரோக்கி’ என்று ஒரு கடை இருக்கும். இறந்தவர் வீட்டுச் சாமான், வீடு மாறுகிறவர் விட்டுப்போன சாமான் எல்லாம் அங்கே வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் கத்திகள் குவிந்து கிடக்கும். சூரிச்சில் கோடைகாலச் சனிக்கிழமைகளில் பூர்க்லி திடலில் கூடும் பழைய பொருள் சந்தையும் நல்ல இடம். எனக்கு வேண்டியது ஓடு வெடித்து, தக்கை திருகி வளைந்து, கத்தரி முறிந்து, இனிமேல் யாரும் முழுக் கத்தியாகப் பாவிக்க மாட்டார்கள் என்று உறுதியான ஒரு 91. ஆனால் அதன் பெரிய அலகு தீட்டுப்படாததாக இருக்க வேண்டும். அடிக்கட்டையில் உள்ள முத்திரை எழுத்தும் அண்ணையின் கத்தியில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். காலத்துக்குக் காலம் சின்னச் சின்ன மாற்றங்களைத் தொழிற்சாலை செய்துகொண்டே வந்திருக்கிறது. சாமான் தூக்கும் கொக்கி 1991 இல்தான் முதுகில் வந்தது. காலம் ஒத்திருந்தால் கை வேலை குறையும்.

அந்தக் கத்தி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. ஓட்டைக் கழற்றுவதே எனக்குப் பயமாக இருந்தது. பழைய பிளாஸ்டிக் நொறுங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, துடைத்து, பிறகு தூக்கினேன். பெயர் முழுசாக வந்தது. அலகு அடுக்கை வில்லோடு மாற்றி, புது ஆணி தறைந்து, அதே ஓட்டைத் திரும்ப ஏற்றினேன். அவர் வந்து வாங்கித் திறந்து பார்த்தார்.

“சத்தம் மாறிப் போச்சு, தம்பி.”

“அது மற்றக் கத்தியின்ரை சத்தம் அண்ணை. அலகும் வில்லும் சோடியா வந்திருக்கு.”

மெலிந்த பழைய அலகைத் தாளில் சுற்றி அவரிடமே கொடுத்தேன். கழற்றிய எதையும் கேட்காமல் வைத்துக்கொள்வது எங்கள் பட்டறையில் வழக்கம் இல்லை.

அவருடைய கத்தியை நான் பிரித்தபோது உள்ளே கண்டதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்மவர் கத்திகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன். தகடுகளுக்கு நடுவே மஞ்சள் பிசின் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய். ஊரில் கத்தரிக்கோலுக்கும் பூட்டுக்கும் அதைத்தான் விடுவோம். இங்கே 24 பாகைக்குக் கீழே போனதும் அது உறையத் தொடங்கும். மாரிகாலத்தில் சட்டைப்பைக்குள் இருக்கும் கத்தி நகத்தால் திறக்க முடியாதபடி இறுகும். வருடக்கணக்கில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். வெந்நீரில் சவர்க்காரம் கலந்து, அதற்குள் எல்லாக் கருவிகளையும் திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, ஆணி இருக்கும் இடத்தில் மட்டும் கனிம எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் கத்தியைப் போடுவதும் சமையலறைப் பழக்கம். அந்தச் சவர்க்காரத்தின் காரம் அலுமினியத் தகட்டைக் கருக்கிவிடும்.

வில்லே இல்லாத கத்திகளும் உண்டு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890 இல் செய்த கத்தி அப்படி. ஓர் அலகு, ஒரு பீச் மரப்பிடி, ஓர் ஆணி, கழுத்தில் ஒரு வளையம். அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955 இல் சேர்ந்தது. வளையத்தை நெம்பிக் கழற்றி, ஆணியைத் தட்டினால் அலகு தனி, பிடி தனி. பிடி மாற்றுவதைப் படிக்க இதைவிட நல்ல கத்தி இல்லை. 1897 முதல் அளவுகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் எண் அலகுக்கு எட்டாம் எண் பிடி. மரப்பிடியில் ஈரம் ஏறினால் ஊதி அலகை இறுக்கிவிடும் என்பது மட்டும்தான் அதன் தொல்லை.

ஒரு அக்கா மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பும் செம்பழுப்பும் கலந்த நாரோட்டம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

“எங்கடை பழைய வீட்டுக் கூரைச் சிலாகை. வீடு இப்ப இல்லை. இதிலை ஒரு கத்திப்பிடி வருமோ?”

பனஞ்சிலாகை. எட்டாம் எண் ஒபினெல் ஒன்றின் அலகுக்கு அதில் பிடி கடைந்தேன். பனைக்கு மற்ற மரங்களைப் போல வளையம் இல்லை. இரும்புக் கம்பி போன்ற கறுப்பு நார்கள் மென்மையான சோற்றுக்குள் புதைந்திருக்கும். விளிம்பில் நார் பிய்ந்து ஊசியாகக் கையில் ஏறும். அலகு மடங்கும் பள்ளத்தை அறுக்கும்போதுதான் அது கூடுதலாகப் பிய்யும். மெல்லிய உடனடிப் பசையை ஊற விட்டு, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் ஊற விட்டு, அப்படியே பொறுமையாகப் போனால் கண்ணாடி போல் வரும். அந்த மரத்தில் வேலை செய்த நாட்களில் கை நடுங்காமல் இருக்க முயன்றேன். ஒரு வீட்டில் மிஞ்சிய மரம் அது.

சில கத்திகளை நான் தொடமாட்டேன். 1961 முதல் சிப்பாய்களுக்குக் கொடுத்த அலுமினியப் பிடிக் கத்தியில் ஓட்டின் ஊடாகவே ஆணி தறைந்திருக்கும், பிரித்தால் பிடியில் தழும்பு விழும். அது தொழில்நுட்பக் காரணம். பெரிய காரணம் வேறு. அந்தக் கத்தியின் அடிக்கட்டையில் செய்த ஆண்டின் இரண்டு இலக்கம் பதித்திருக்கிறது. ஓர் ஆண்டின் அலகை வேறோர் ஆண்டின் பிடிக்குள் போட்டால் அந்தக் கத்தி பொய் சொல்லத் தொடங்கும். அப்படி இரண்டைக் கலந்து ஒன்றாக்கி, பழைய அசல் என்று கூடிய விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கி ஏமாந்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். முதுகை நகத்தால் தடவியதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது எளிதல்ல.

அதனால் நான் மாற்றிக் கோத்த ஒவ்வொரு கத்தியிலும், ஓட்டுக்கு உள்ளே, வெளிப்பக்கத் தகட்டில், மாற்றிய ஆண்டையும் எந்த அடுக்கு மாற்றப்பட்டது என்பதையும் ஊசியால் கீறி வைக்கிறேன். பாவிக்கிறவருக்குத் தெரியாது, அடுத்துப் பிரிக்கப்போகும் தொழிலாளிக்குத் தெரியும்.

நன்றாக இருக்கும் கத்தியை, இன்னொன்றை அழகாக்குவதற்காக உடைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. இப்போது இந்தக் கலை பொழுதுபோக்காகவும் பரவியிருக்கிறது. ஏழெட்டு அடுக்குகளை ஒன்றாகக் கோத்து, கை பிடிக்க முடியாத தடிப்பில் கத்தி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் கைத்திறன் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்காக வேலை செய்துகொண்டிருந்த நான்கு கத்திகளைப் பிரித்திருந்தால் எனக்கு மனம் ஒப்பாது. செத்த கத்தியிலிருந்து எடுங்கள். வெடித்த ஓடும் துருவேறிய கத்தரியும் உள்ள கத்திகள் தட்டுத் தட்டாகக் கிடக்கின்றன. அவற்றுக்குள் ஒரு நல்ல அலகு, ஒரு நல்ல வில் கட்டாயம் இருக்கும்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டு இழுப்பறையில் அப்பாவின் கத்தியோ மாமாவின் கத்தியோ கிடந்தால், அலகு முறிந்துவிட்டது என்று குப்பையில் போடாதீர்கள், நீங்களாகச் சாணைக்கல்லிலும் வைக்காதீர்கள். கத்தரி வெட்டியபின் தானாக விரியாமல் நின்றால் அதன் சிறு வில்தான் முறிந்திருக்கும். அதை ஆணி எதையும் தொடாமல் மாற்றலாம். தொழிற்சாலைக் குறை என்றால் விக்டோரினொக்ஸ் நிறுவனமே பொறுப்பேற்கும், முதலில் அங்கே கேளுங்கள். நம் கையால் ஒருமுறை பிரித்துவிட்டால் அந்தப் பொறுப்பு போய்விடும். பிள்ளைகள் இருந்தால் ஷ்வீஸ் மாநிலத்துப் புறுன்னனில் உள்ள அவர்களின் பார்வையாளர் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்; அங்கே தங்கள் கத்தியைத் தாங்களே அடுக்கிக் கோக்க விடுகிறார்கள். வில்லும் அலகும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை ஒருமுறை தங்கள் விரலால் உணர்ந்த பிள்ளை, பிறகு கத்தியை எறிந்து விளையாடாது. இனி எதுவுமே செய்ய முடியாத கத்தி என்றால், அதை உங்கள் ஊரில் கத்தி தீட்டுகிறவரிடம் சும்மா கொடுத்துவிடுங்கள். அதன் அலகுக்காக எங்கோ ஒரு பிடி காத்திருக்கும்.